ஊசி, நூல், கேள்வி – பதில்: பரிசுக்குப் பின்னுவோருக்காக

குளிர்கால இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பரிசாகக் கொடுக்கப் பின்னுவோர் எழுதியவை. படிப்பதற்கு முன் ஒரு குறிப்பு. நிட்டிங், குரோஷா இரண்டிலும் ஊசியில் உருவாகும் ஒவ்வொரு வளையத்தையும் ‘கண்ணி’ என்றே எழுதியிருக்கிறோம். குரோஷாவில் ‘சிங்கிள்’, ‘டபுள்’ என்று வரும் கண்ணிப் பெயர்களெல்லாம் அமெரிக்க வழக்கு. வீட்டில் இருக்கும் பழைய பிரிட்டிஷ் முறைப் புத்தகங்களில் இதே சிங்கிளுக்கு டபுள் என்றும், டபுளுக்கு ட்ரெபிள் என்றும் பெயர். இரண்டையும் கலந்து படித்தால் தொப்பியின் உயரமே மாறிவிடும்.

யூடியூபில் ஓர் அமெரிக்கப் பெண்மணி சொன்னபடி 8-ம் நம்பர் ஊசியில் 96 கண்ணி ஏற்றிக் கணவருக்குத் தொப்பி பின்னினேன். ஊட்டியில் கேட்டு வாங்கியதும் 8-ம் நம்பர் ஊசிதான். ஆனால் தொப்பி நெற்றியில் தடம் பதிகிற அளவுக்கு இறுக்குகிறது. நூலில் கோளாறா, என் கையில் கோளாறா?
*– வாசகி, குன்னூர்*

இரண்டிலும் இல்லை. கோளாறு நம்பரில். அமெரிக்க 8 என்பது 5 மி.மீ. ஊசி. நம் கடைகளில் கிடைக்கும் 8-ம் நம்பர் பழைய பிரிட்டிஷ் கணக்கு, 4 மி.மீ. பிரிட்டிஷ் கணக்கு கம்பி இழுக்கும் தொழிலின் அளவிலிருந்து வந்தது. கம்பி மெலிய மெலிய நம்பர் கூடும். அதனால் நம் ஊரில் 12-ம் நம்பர் ஊசி 2.75 மி.மீ., 10-ம் நம்பர் 3.25 மி.மீ., 6-ம் நம்பர் 5 மி.மீ. அமெரிக்கக் கணக்கு இதற்கு நேர் தலைகீழ். நம்பர் கூடினால் ஊசி தடிக்கும். நீங்கள் கேட்டிருக்க வேண்டியது 6-ம் நம்பர். இனி கடையில் மி.மீ. அளவைச் சொல்லியே கேளுங்கள். உங்கள் பக்கத்துக் கேத்தியில் தயாராகும் போனி ஊசிகள் உட்பட, பெரும்பாலான ஊசிகளிலோ அவற்றின் உறையிலோ மி.மீ. அச்சிட்டிருக்கும். அச்சு அழிந்த பழைய ஊசி என்றால் அளவுத் துளைகள் உள்ள சிறு பிளாஸ்டிக் அட்டையில் நுழைத்துப் பார்த்துவிடலாம்.

ஊசி சரியாக இருந்தாலும் மாதிரித் துண்டு பின்னாமல் தொப்பி தொடங்கக் கூடாது. 10 செ.மீ. அகலத்தில் 18 கண்ணி வரும் என்று வைத்து அந்தப் பெண்மணி 96 ஏற்றச் சொல்லியிருப்பார். சுற்றளவு 53 செ.மீ. கிடைக்கும். உங்கள் 4 மி.மீ. ஊசியில் அதே 10 செ.மீ.க்கு 21 கண்ணி விழுந்திருந்தால் சுற்றளவு 46 செ.மீ.க்குள் அடங்கிவிடும். பத்து சென்டிமீட்டருக்கு மூன்று கண்ணி வித்தியாசம், தலையில் ஏழு சென்டிமீட்டர் குறைவு.

மாதிரிக்கு 30 கண்ணி ஏற்றி 14 செ.மீ. உயரம் பின்னுங்கள். ஓரக் கண்ணிகள் எப்போதும் கோணலாக இருக்கும், அவற்றை எண்ணக் கூடாது. தொப்பியை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துண்டையும் துவைத்து, இழுக்காமல் பரப்பி உலர்த்தி, நடுவில் ஸ்கேல் வைத்து 10 செ.மீ.க்குள் உள்ள கண்ணிகளை எண்ணுங்கள். அரைக் கண்ணி இருந்தால் அதையும் சேருங்கள். சொன்னதைவிட அதிகம் வந்தால் தடித்த ஊசிக்குப் போகவும், குறைந்தால் மெல்லிய ஊசிக்கு.

ஊசியை மாற்ற விருப்பமில்லையா, கண்ணியை மாற்றுங்கள். தலைச் சுற்றளவு 56 என்றால் தொப்பி 52 செ.மீ. போதும், ஏனெனில் அது சற்று விரிந்து பிடித்துக்கொள்ள வேண்டும். உங்கள் 21 கண்ணிக் கணக்கில் 52 × 2.1 = 109. கீழ் விளிம்பில் இரண்டு நிட் (முன்பக்கக் கண்ணி), இரண்டு பர்ல் (பின்பக்கக் கண்ணி) என்று மாறி மாறி வரும் ரிப் என்ற வரிப் பின்னல் வருவதால் எண்ணிக்கை 4-ஆல் வகுபட வேண்டும். உச்சியில் எட்டுத் துண்டாகக் குறைப்பதற்கு 8-ஆலும் வகுபட்டால் நல்லது. ஆகவே 112. ரிப்பை மட்டும் அரை மி.மீ. சிறிய ஊசியில் பின்னினால் நாளடைவில் தொளதொளக்காது. மொத்தம் 14 செ.மீ. உயரம் வந்ததும் 12 நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று என்று எட்டு முறை. அடுத்த சுற்று குறைக்காமல். அதற்கடுத்ததில் 11 நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று. இப்படியே ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று குறைத்து வந்து, 8 கண்ணி மிஞ்சும்போது நூலை வெட்டி, அவற்றினூடே கோத்து இறுக்கிவிடுங்கள்.

டொரண்டோவில் இருக்கிறேன். பேத்திமாருக்குத் தொப்பியும் மஃப்ளரும் பின்னிக் கொடுத்தால் ‘அம்மம்மா, கழுத்தில் குத்துது’ என்று கழற்றிப் போடுகிறார்கள். மகள் எல்லா உடுப்பையும் மெஷினில் போடுகிறவள். போன முறை கொடுத்த கம்பளித் தொப்பி பொம்மைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அக்ரிலிக் போட்டால் குளிர் தாங்குமா?
*– வாசகி, டொரண்டோ*

குத்துவது கம்பளியின் குற்றமல்ல, இழையின் தடிமன். ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழை முனைகள் வளையாமல் தோலைக் குத்தும். அதனால்தான் மலிவான முரட்டுக் கம்பளி அரிக்கிறது, மெல்லிய இழை கொண்ட மெரினோ ஆட்டுக் கம்பளி அரிப்பதில்லை. கடையில் நூலைக் கையில் தடவிப் பார்த்துப் பயனில்லை, உள்ளங்கைக்கு அவ்வளவு உணர்வு கிடையாது. கழுத்தின் பக்கவாட்டில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள்.

சுருங்கியதற்குக் காரணம் கம்பளி இழையின் மேலுள்ள செதில்கள். வெந்நீர், சோப்பு, மெஷினின் உலைச்சல் மூன்றும் சேரும்போது செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி கெட்டிப்படுகிறது. மாட்டியதைத் திரும்பப் பிரிக்க வழி கிடையாது. லேபிளில் ‘சூப்பர்வாஷ்’ என்று இருக்கும் மெரினோவில் இந்தச் செதில்களை மழுக்கியோ மெல்லிய பூச்சால் மூடியோ இருப்பார்கள். மெஷினில் குளிர்ந்த நீரில், மென்மையான சுழற்சியில் தாங்கும். உங்கள் மகளுக்கு ஏற்ற நூல் அதுதான். ஒரு எச்சரிக்கை: சூப்பர்வாஷ் நனைந்தால் நன்றாக நீளும். மாதிரித் துண்டைத் துவைக்காமல் அளந்தால் தொப்பி கண்ணை மறைக்கும்.

அக்ரிலிக் உலர் குளிருக்குப் பரவாயில்லை. ஆனால் பனியில் நனைந்து, வியர்த்து, மறுபடி வெளியே போகும் பிள்ளைக்குக் கம்பளிதான் சூட்டைக் காக்கும். எந்த நூலானாலும் ஒற்றை அடுக்கில் காற்று புகும். ரிப்பை 12 செ.மீ. பின்னி மேல்நோக்கி மடித்தால் காதின் மேல் இரண்டு அடுக்கு கிடைக்கும். இன்னும் வேண்டுமென்றால் காதைச் சுற்றி உள்பக்கம் 8 செ.மீ. அகல ஃப்ளீஸ் பட்டை ஒன்றைத் தைத்துவிடுங்கள். தைக்கும்போது தொப்பியை லேசாக இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் விரிய வழியில்லாமல் தலையில் ஏறாது.

மஃப்ளரை மட்டும் விட்டுவிடச் சொல்வோம். சறுக்கு மரம், ஊஞ்சல், ஏணி எதிலும் நீண்ட முனை மாட்டிக் கழுத்தை இறுக்கும். சிறு பிள்ளைகளுக்குக் கழுத்துக் குழாய் போதும். 4 மி.மீ. வட்ட ஊசியில் டி.கே. (டபுள் நிட்டிங்) எனப்படும் நடுத்தரத் தடிமன் நூலில் 112 கண்ணி, முறுக்கிக்கொள்ளாமல் இணைத்து, இரண்டு நிட், இரண்டு பர்ல் ரிப் 20 செ.மீ. உயரம். முடிக்கும்போது வலக்கையில் மட்டும் ஒரு மி.மீ. தடித்த ஊசியைப் பிடியுங்கள். இறுக்கமாக முடித்தால் தலை நுழையாது, பிள்ளைகள் குழாயைத் தொடவே மாட்டார்கள்.

குரோஷாவில் மஃப்ளர் போடுகிறேன். 40 கண்ணியில் தொடங்கினால் ஒரு முழம் போவதற்குள் 31 ஆகிவிடுகிறது. எவ்வளவு கவனித்தாலும் முக்கோணமாகத்தான் வருகிறது.
*– வாசகி, மதுரை*

டபுள் குரோஷா போடுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறோம், ஏனெனில் இந்தக் கோளாறு அதில்தான் அதிகம். வரிசை முடிந்து திரும்பும்போது போடும் 3 சங்கிலி புது வரிசையின் முதல் கண்ணியாகக் கணக்காகிறது. அதன் அடியிலேயே உள்ள கண்ணியைத் தாண்டி, இரண்டாவதில்தான் முதல் டபுளைப் போட வேண்டும். அதுவரை எல்லோரும் சரியாகச் செய்துவிடுகிறார்கள். வரிசையின் கடைசியில்தான் தவறு. முந்தைய வரிசையின் அந்த 3 சங்கிலி ஒல்லியாக, ஒதுங்கி நிற்பதால் கண்ணியாகவே தெரியாது. அதன் உச்சியில் ஒரு டபுள் போடாமல் திரும்பிவிட்டால் வரிசைக்கு ஒரு கண்ணி போகும். ஒன்பது வரிசையில் உங்கள் 40 அப்படித்தான் 31 ஆனது.

3 சங்கிலி போட்டதும் மூன்றாவது சங்கிலியில் வேறு நிற நூலை ஒரு சிறு துண்டு மாட்டி வையுங்கள். திரும்பி வரும்போது ஊசி எங்கே நுழைய வேண்டும் என்று அது காட்டும். நான்கைந்து வரிசைக்குப் பிறகு கண் பழகிவிடும். அதுவரை ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள். அவிழ்ப்பது ஒரு வரிசையோடு நின்றுவிடும்.

திரும்பும் சங்கிலி எத்தனை என்றால் சிங்கிளுக்கு 1, ஹாஃப் டபுளுக்கு 2, டபுளுக்கு 3. சிங்கிளில் அந்த ஒற்றைச் சங்கிலி கணக்கில் வராது. அடியிலுள்ள முதல் கண்ணியிலேயே போட வேண்டும். ஆரம்பச் சங்கிலியும் அதற்கேற்ப மாறும்: 40 சிங்கிளுக்கு 41 போட்டு ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கவும், 40 டபுளுக்கு 42 போட்டு நான்காவதில் தொடங்கவும். மஃப்ளரின் அடிவிளிம்பு மட்டும் சுருங்கி வில்லாக வளைந்தால் ஆரம்பச் சங்கிலி இறுக்கம். அந்த ஒரு வரிசையை அரை மி.மீ. பெரிய ஊசியில் போடுங்கள்.

நிட்டிங்கில் எனக்கு இதற்கு எதிர்மாறு. 36 கண்ணி 44 ஆகிவிட்டது. அதோடு மஃப்ளர் இரண்டு பக்கமும் சுருண்டு குழாயாகிறது. இஸ்திரி போட்டும் நிற்கவில்லை.
*– வாசகர், கொடைக்கானல்*

கண்ணி கூடுவதற்கு இரண்டு இடங்களைப் பாருங்கள். வரிசையின் தொடக்கத்தில் நூலை ஊசியின் மேலாகப் பின்னுக்கு இழுத்தால் முதல் கண்ணி மேலே தூக்கப்பட்டு, அதன் இரண்டு கால்களும் இரண்டு கண்ணிபோலத் தெரியும். இரண்டிலும் நிட் போட்டுவிடுவீர்கள். நூல் ஊசிக்கு அடியில் தொங்கிப் பின்னே போக வேண்டும். இன்னோர் இடம், பர்லிலிருந்து நிட்டுக்கு மாறும்போது. நூலைப் பின்னுக்குக் கொண்டுபோக மறந்தால் ஊசியின் மேல் அது ஒரு வளையமாக ஏறி, அடியில் ஓட்டையும் விழும். ஓட்டை தெரிந்தால் இரண்டாவது காரணம், தெரியாமல் ஓரம் மட்டும் அகன்றால் முதல் காரணம்.

சுருளுவது உங்கள் தவறே இல்லை. ஒரு பக்கம் முழுக்க நிட், மறுபக்கம் முழுக்க பர்ல் என்று பின்னினால் இரண்டு முகத்திலும் நூலின் இழுவிசை சமமாக இருக்காது. பக்க ஓரங்கள் பின்னோக்கியும், மேல் கீழ் ஓரங்கள் முன்னோக்கியும் சுருளும். அது அந்தப் பின்னலின் குணம். அக்ரிலிக் நூலானால் இஸ்திரிப் பெட்டியைத் தொடவிடவே கூடாது. இழை இளகி, மஃப்ளர் பளபளப்பாகி, உயிரில்லாமல் தொங்கும். பழைய நிலைக்குத் திரும்பாது.

முடித்ததைக் காப்பாற்ற வேண்டுமென்றால் நான்கு ஓரத்திலும் குரோஷா ஊசியால் மூன்று வரிசை சிங்கிள் போடுங்கள், ஓரளவு அடங்கும். அடுத்த முறை தொடங்கும்போதே இரு ஓரத்திலும் 5 கண்ணிகளை எல்லா வரிசையிலும் நிட்டாகவே பின்னி, மேலும் கீழும் 8 வரிசை முழு நிட் வையுங்கள். மஃப்ளருக்கு எங்கள் தேர்வு ரிப்தான். இரு முகமும் ஒன்றுபோல இருக்கும், சுருளாது, கழுத்தில் எப்படிச் சுற்றினாலும் பின்பக்கம் என்று ஒன்று தெரியாது.

தோழிக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. தொப்பி, காலுறை, போர்வை மூன்றும் சேர்த்துக் கொடுக்க ஆசை. சென்னை வெயிலுக்கு எந்த நூல்? எத்தனை கண்டு வாங்குவது?
*– வாசகி, சென்னை*

சென்னைக்குப் பருத்தி. ஏசி அறைக்குப் போர்வை, வெளியே போகும்போது தொப்பி, அவ்வளவுதான் தேவைப்படும். மொஹேர், இறகு நூல் போன்ற முடி உதிரும் வகை எதுவும் வேண்டாம், குழந்தை வாயில் போட்டுவிடும்.

பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சராசரியாக 34–35 செ.மீ. தொப்பி 31–32 செ.மீ. இருக்கட்டும். கழுத்தில் கட்டும் நாடா, பெரிய ‘பாம்பாம்’ (நூல் குஞ்சம்), பித்தான் மூன்றையும் தவிருங்கள். நாடா கழுத்தைச் சுற்றும், மற்றவை பிய்ந்து வாய்க்குள் போகும். தூங்கும்போது தொப்பியைக் கழற்றிவிடச் சொல்லிக் கொடுங்கள். குழந்தையின் உடல் கூடுதல் சூட்டைத் தலை வழியாகவே அதிகம் வெளியேற்றுகிறது, தொப்பி நழுவி மூக்கை மூடும் ஆபத்தும் உண்டு.

காலுறையில் கவனிக்க வேண்டியது உள்பக்கம். நிறம் மாற்றிய இடத்தில் உள்ளே நீளமாக ஓடும் நூல் குழந்தையின் விரலைச் சுற்றிக்கொள்ளும். அழுகைக்குக் காரணம் தெரியாமலே ரத்த ஓட்டம் தடைப்பட்டுவிடும். ஆகவே ஒரே நிறம் போடுங்கள். முடித்ததும் உள்புறத்தை வெளியே திருப்பி, உங்கள் சுண்டுவிரல் நுனியை எல்லா இடமும் ஓட்டிப் பாருங்கள். எங்காவது மாட்டினால் அந்த நூலைத் தைத்து அடக்குங்கள். இதே காரணத்துக்காகப் போர்வையிலும் ஓட்டை ஓட்டையான லேஸ் டிசைன் வேண்டாம். ஹாஃப் டபுள் நெருக்கமாக, கனமில்லாமல் வரும்.

எத்தனை கண்டு என்பதை யாரையும் கேட்க வேண்டாம், தராசு சொல்லும். 10 × 10 செ.மீ. மாதிரித் துண்டைச் சமையலறை டிஜிட்டல் தராசில் வையுங்கள். 6 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 75 × 75 செ.மீ. போர்வை அப்படிப்பட்ட 56 துண்டுகளுக்குச் சமம், ஆக 337 கிராம். ஓரப் பின்னலுக்கும் தவறுகளுக்கும் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 370. ஐம்பது கிராம் கண்டாக எட்டு வாங்குங்கள். எட்டிலும் லாட் நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். லாட் மாறினால் குழல் விளக்கில் தெரியாத நிற வித்தியாசம் வெயிலில் பட்டையாகத் தெரியும். வேறு லாட்தான் கிடைக்கும் என்றால், இரண்டையும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் போட்டால் கண்ணுக்கு உறுத்தாது.

இங்கே பனியன் கம்பெனிகளில் மிஞ்சும் 30-ம் நம்பர் பருத்தி நூல் கோன் சும்மாவே கிடைக்கிறது. அதில் சால்வை போட முடியுமா?
*– வாசகி, திருப்பூர்*

நூலின் நம்பர் என்ன சொல்கிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளம் எத்தனை மடங்கு இருக்கிறது என்பதே நம்பர். 30-ம் நம்பரில் ஒரு கிராமுக்கு சுமார் 51 மீட்டர் நூல். கையால் பின்னும் டி.கே. தடிமனுக்கு ஒரு கிராமுக்கு இரண்டேகால் மீட்டர் அளவில் இருக்க வேண்டும். அதாவது இருபத்து மூன்று இழை சேர்க்க வேண்டும். அத்தனை கோனை வைத்து யாராலும் பின்ன முடியாது.

10-ம் நம்பர் கோன் கிடைக்குமா என்று கேளுங்கள். அதில் கிராமுக்கு 17 மீட்டர். நான்கு இழை சேர்த்தால் மெல்லிய 4-ப்ளை தடிமன் வரும். 2.5 அல்லது 3 மி.மீ. குரோஷா ஊசியில் அழகாக ஓடும். ஆனால் பனியன் நூல் ஒரே திசையில் முறுக்கிய ஒற்றை இழை. அப்படியே சேர்த்துப் பின்னினால் முறுக்கின் விசை துணியைச் சாய்க்கும், சதுரம் சாய்சதுரமாகும். நூற்றபோது முறுக்கிய திசைக்கு எதிர்த் திசையில் நான்கையும் சேர்த்து முறுக்கி, சிட்டமாகச் சுற்றி, வெந்நீரில் நனைத்துச் சிறு எடை தொங்கவிட்டு உலர்த்திய பிறகே பின்ன வேண்டும். கதிரோ ராட்டையோ இருப்பவர்களுக்கு இது எளிது. இல்லாதவர்கள் சால்வை ஆசையை விட்டு, பனியன் துணி வெட்டில் மிஞ்சும் பட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2 செ.மீ. அகலத்தில் வெட்டி இழுத்தால் தானாகச் சுருண்டு கயிறாகும். 9 அல்லது 10 மி.மீ. ஊசியில் சிங்கிள் போட்டால் கூடை, சூடான பாத்திரம் வைக்கும் மணை இரண்டும் ஒரு மாலையில் முடிந்துவிடும். நல்ல பரிசுகள் அவை, திருப்பூரில் நூல் செலவும் இல்லை.

குரோஷா பொம்மையின் தலை உருண்டையாக வராமல் கூம்பாகிறது. பஞ்சும் இடுக்கில் தெரிகிறது. இரண்டு வயதுப் பையனுக்குக் கொடுக்க வேண்டும்.
*– வாசகி, திண்டுக்கல்*

சிங்கிளில் தட்டையான வட்டம் வேண்டுமென்றால் 6 கண்ணியில் தொடங்கி, சுற்றுக்கு 6 கூட்ட வேண்டும்: 6, 12, 18, 24. காரணம் எளிது. வட்டத்தின் ஆரம் ஒரு வரிசை உயரம் கூடும்போது சுற்றளவு அதைப்போல ஆறேகால் மடங்கு கூடும். சிங்கிளின் உயரமும் அகலமும் ஏறத்தாழ சமம், அதனால் ஆறு. டபுள் இரண்டு மடங்கு உயரம், அதனால் 12. கூட்டுவது குறைந்தால் கூம்பு, அதிகமானால் ஓரம் நெளியும். உங்களுக்கு எங்கோ ஒரு கூட்டல் விட்டுப்போகிறது. சுருளாகச் சுற்றிப் போகும்போது சுற்றின் தொடக்கம் தெரியாததே பெரும்பாலும் காரணம். முதல் கண்ணியில் ஊக்கு ஒன்றை மாட்டி, ஒவ்வொரு சுற்றிலும் நகர்த்திக்கொண்டே போங்கள்.

பஞ்சு தெரிவதற்கு ஊசி பெரிது. பொம்மைக்கு லேபிளில் சொன்னதைவிட ஒரு மி.மீ. சிறிய ஊசி எடுக்க வேண்டும். கை வலிக்கும், ஆனால் பின்னல் இறுகி நிற்கும். குறைக்கும் இடங்களில் இரண்டு கண்ணிகளின் முன் இழையை மட்டும் பிடித்துச் சேர்த்தால் ஓட்டை விழாது. அடைக்கப் பாலியஸ்டர் பஞ்சு போதும். இலவம்பஞ்சு துவைத்தால் கட்டிப்படும்.

கண் மட்டும் பிளாஸ்டிக்கில் வேண்டவே வேண்டாம். ‘பாதுகாப்புக் கண்’ என்று விற்றாலும், பின்னலின் கண்ணி விரிந்தால் தண்டோடு வெளியே வரும். மூன்று வயதுக்குக் கீழ் எல்லாமே வாய்க்குத்தான் போகும். கறுப்பு நூலில் தைத்துவிடுங்கள், பார்வைக்கும் அதுவே அழகு.

மலையில் பைக் ஓட்டும் நாலு பேருக்குச் சீக்கிரம் பின்னித் தர ஏதாவது சொல்லுங்கள்.
*– வாசகர், வால்பாறை*

விரலில்லாக் கையுறை. ஜோடிக்கு 50 கிராம் டி.கே. நூல், 4 மி.மீ. நேர் ஊசி. 42 கண்ணி ஏற்றி இரண்டு நிட்டில் தொடங்கி இரண்டு நிட்டில் முடியும்படி ரிப் 18 செ.மீ. பின்னி, தளர்வாக முடியுங்கள். நீளவாக்கில் மடித்துத் தைக்கும்போது இரு ஓரத்திலும் ஒரு நிட் உள்ளே போய், மிச்ச இரண்டும் சேர்ந்து ஒரு ரிப்பாகிவிடும், தையலே தெரியாது. மணிக்கட்டுப் பக்கமிருந்து 10 செ.மீ. தைத்து, கட்டைவிரலுக்கு 5 செ.மீ. விட்டு, மேலே 3 செ.மீ. தையுங்கள். திறப்பின் இரு முனையிலும் நூலை மூன்று முறை சுற்றித் தைக்காவிட்டால் அங்கேதான் முதலில் கிழியும். பெரிய கைக்கு 46 கண்ணி.

பின்னிய கம்பளிகளை நாப்தலின் உருண்டை போட்டு வைக்கலாமா?
*– வாசகி, தஞ்சாவூர்*

பெரியவர்கள் துணிக்கென்றால் துணியில் படாமல் பொட்டலமாகக் கட்டி வைக்கலாம். குழந்தைத் துணிக்குக் கூடவே கூடாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நாப்தலின் படிந்த உடையே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலையை வரவழைக்கும். குறைபாடு இருப்பது பல பெற்றோருக்கு முன்கூட்டித் தெரிவதில்லை.

வியர்வையும் உணவுக் கறையும் படிந்த கம்பளியைத்தான் பூச்சி அதிகம் தேடி வரும். வெதுவெதுப்பான நீரில் கசக்காமல் துவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் பரப்பி, முழுதாக உலர்ந்ததும் ஜிப் உள்ள பையில் காற்றை வெளியேற்றி மூடுங்கள். ஈரம் மிஞ்சினால் பைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். கொக்கியில் தொங்கவிட வேண்டாம், தோள்பட்டை நீண்டுவிடும்.

நூல் முனையை முடிச்சுப் போட்டு வெட்டினால் போதாதா?
*– வாசகி, நாகர்கோவில்*

போதாது. முடிச்சு வழுக்கி அவிழும், அல்லது முன்பக்கம் எட்டிப் பார்க்கும். 15 செ.மீ. முனை விட்டு, மழுங்கிய தையல் ஊசியில் கோத்து, பின்பக்கக் கண்ணிகளில் 4 செ.மீ. ஒரு திசையில், திரும்பி 3 செ.மீ. எதிர்த் திசையில், பிறகு மேல்நோக்கி 2 செ.மீ. கோத்துச் செல்லுங்கள். துணியை ஒருமுறை நன்றாக இழுத்துவிட்ட பிறகே மிச்சத்தை வெட்டுங்கள்.